பல்லின் மேல் போட்ட பழி

எந்த உறுப்பின் மேல் பழியைப் போடுவது என்று நானும் என் நண்பரும் ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் ஆலோசித்தோம். இடம் கலிபோர்னியாவில் சான் ரமோன், அவருடைய அபார்ட்மென்ட், சமையலறை மேசை. மேசையில் இரண்டு காபி. என்னுடையது காலி. அவருடையது ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"முதுகு?" என்றார்.

"வேண்டாம்வே. நம்ம தமிழ் வாட்ஸப் குரூப்ல பாதிப் பேருக்கு முதுகு போச்சு. ஆளுக்கொரு டாக்டர் பேரோட வருவான்."

"கண்ணுங்ணா?"

"கண்ணுன்னா ஸ்கிரீனைப் பாக்கக் கூடாதும்பான். அப்புறம் எப்படி வேலை பாப்பீரு?"

வயிறு என்று யோசித்தோம். மூன்று வாரத்தில் ஆறு தடவை வயிற்றுக்காக ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், நான்காவது தடவைக்குள் நம் ஆட்கள் அவருக்குக் காரியமே செய்து முடித்துவிடுவார்கள். இதயம் என்றால் அன்றைக்கே அவர் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குச் செய்தி போய்விடும். நான் மூலம் என்றேன். "மூலம்னு சொல்லிப் பாரும். ஒருத்தனும் மேக்கொண்டு கேள்வி கேக்க மாட்டான். உக்காரக்கூடச் சொல்ல மாட்டான்."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்கள் ஏராளம். என் மனைவி அந்தச் சங்கத்தின் நிரந்தரத் தலைவி. ஆனால் இவர் பதினைந்து வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுவார். எட்டு மாதமாக எதற்கும் சிரிக்கவில்லை.

கடைசியில் பல் என்று முடிவாயிற்று. ரூட் கெனால். மயக்கம் கொடுத்துச் செய்கிறார்கள், அதனால் அவர் கார் ஓட்டக் கூடாது, அதனால் நான் கூடப் போகிறேன். பல் என்றால் எல்லோரும் பரிதாபப்படுவார்கள், யாரும் பயப்பட மாட்டார்கள். பொய்யில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. முப்பத்திரண்டு பல்லும் வரிசை பிசகாமல் இருக்கிற ஒரு மனிதரின் வாயில், குற்றமற்ற ஒரு கடைவாய்ப் பல்லை நாங்கள் இருவரும் சேர்ந்து குற்றவாளி ஆக்கினோம்.

உண்மை என்னவென்றால் அவருக்கு மனச்சோர்வு. இரண்டு வருடமாக. மூன்று வகை மாத்திரை பார்த்தாயிற்று. ஒன்று எந்நேரமும் தூங்க வைத்தது, ஒன்று தூங்கவே விடவில்லை, ஒன்று எதையுமே செய்யவில்லை. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டை மறந்திருந்தார். அவர் மனைவியும் மகளும் நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில். மனைவியின் வேலை அங்கே, இவர் வேலை இங்கே. இரண்டில் எதை விட்டாலும் விசா சிக்கல். அவர் மனைவிதான் ஒருநாள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நேத்து அவரு சொல்றாரு, நான் இல்லாட்டி உங்க ரெண்டு பேருக்கும் சுலபமா இருக்கும்னு. நான் அழுததும் சும்மா சொன்னேங்கிறாரு. சும்மா சொல்ற குரல் இல்லண்ணா அது."

அவள் பறந்து வந்தாள். ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அந்த மருத்துவர், மாத்திரைகள் கேட்கவில்லை என்பதால் கெட்டமைன் பார்க்கலாம், மூன்று வாரத்தில் ஆறு தடவை, நரம்பு வழியாகச் சொட்டு மருந்து என்றார். ஆறும் முடித்தால்தான் பலன் தெரியும், நடுவில் விடக் கூடாது என்றும் சொன்னார். அவளுக்கு லீவு தீர்ந்துபோயிற்று. கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஆறும் முடிக்க வைங்கண்ணா."

அந்த மருத்துவமனையில் ஒரு விதி. சிகிச்சை முடிந்ததும் தெரிந்த ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். வாடகைக் காரில் தனியாக ஏற்றி அனுப்ப மாட்டார்கள். ஆள் இல்லை என்றால் அன்றைக்கு ஊசியும் இல்லை. ஆக, என் நண்பரின் உயிர் ஒரு ஓட்டுநரிடம் இருந்தது. அந்த ஓட்டுநர் நான்.

இங்கே ஓட்டுநரைப் பற்றி ஒரு வார்த்தை. நியூ ஜெர்சியில் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்ற பெருமை எனக்கு உண்டு. மூன்றாவது முறை தேர்வு அதிகாரி காரை விட்டு இறங்கியதும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அப்போது நாங்கள் இருவரும் பார்சிப்பனியில் இருந்தோம்; எனக்கு உரிமம் கிடைக்கும் வரைக்கும், பனி கொட்டும்போதுகூட, என்னைத் தினமும் ஆபீசுக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டது இந்த நண்பர்தான். ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. என் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே ஓட்டியவர்.

முதல் தடவை போனபோது அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். சாய்வு நாற்காலி, கண்ணுக்குக் கறுப்புத் துணி, காதில் மெல்லிய இசை, கையில் ஊசி. நான் வெளியே காத்திருப்பு அறையில். அங்கே ஒரு சுவர் முழுக்கப் படம். 'நம் பயணம்' என்பது போல ஒரு தலைப்பு. இடது ஓரத்தில் ஒரு சைக்கிள், அப்புறம் ஒரு காளான், அப்புறம் வெள்ளைக் கோட்டு போட்ட மருத்துவர்கள், அப்புறம் பூச்சட்டை போட்ட இளைஞர் கூட்டம். அதோடு படம் நின்றுவிடுகிறது. நடுவில் நீளமாக வெற்றுச் சுவர். அதற்கு முன்னால் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி. செடி தாண்டியதும் இந்த மருத்துவமனையைத் தொடங்கியவர்கள் பல் தெரியச் சிரிக்கும் புகைப்படம். எல்லாப் பல்லும் நல்ல பல்.

எனக்கு வேறு வேலை இல்லை. செடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று போனில் படிக்க ஆரம்பித்தேன். அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

நானும் என் நண்பரும் பிறப்பதற்கு முன்பே, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், காளான் மாதிரி, உலகத்தையே வேறாகக் காட்டுகிற மருந்துகளை வைத்து மனநல மருத்துவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். குடியை விட முடியாதவர்களுக்கு, பயத்திலிருந்து வெளியே வர முடியாதவர்களுக்கு, சாகப்போகிறோம் என்று தெரிந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு. சிலர் கவனமாகச் செய்தார்கள். சிலர் அரைகுறையாகச் செய்தார்கள். சிலர் கண்டதையும் சொல்லிப் பெருமையடித்தார்கள். எந்த மருத்துவத்திலும் நடப்பதுதான், காலப்போக்கில் சலித்து எடுத்திருக்கலாம். அதற்குள் அந்த மருந்து தெருவுக்கு வந்தது, இளைஞர்கள் போருக்குப் போக மாட்டேன் என்றார்கள், அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. இதற்கு மருத்துவப் பயன் எதுவுமே இல்லை என்று சட்டம் போட்டு ஒரேயடியாகப் பூட்டினார்கள். படிக்க நினைத்த இளம் மருத்துவர்களுக்கு, இதைத் தொட்டால் உன் எதிர்காலம் போய்விடும் என்று மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறைக்கு மேல் அப்படியே கிடந்தது. அந்தப் பூட்டிய காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் இருவரின் பிறந்தநாளும் அந்தச் செடித் தொட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கெட்டமைன் சரியாகச் சொன்னால் அந்தக் குடும்பம் இல்லை, பங்காளி வகை. அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்தாக வந்து, போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. குறைந்த அளவில் கொடுத்தால் விழுந்து கிடக்கிற மனதைச் சிலருக்கு மளமளவென்று தூக்கி நிறுத்துகிறது என்று பிற்பாடுதான் கண்டுகொண்டார்கள். குடும்பத்தில் மற்றவர்கள் எல்லாம் உள்ளே இருக்க, இது மட்டும் மருத்துவர் சீட்டில் கிடைக்கிறது. அதனால் முழுக் குடும்பத்தின் படத்தையும் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டார்கள். சிறை வாசத்தை மட்டும் செடி வைத்து மறைத்துவிட்டார்கள்.

அந்தச் சைக்கிளுக்கும் கதை உண்டு. சுவிட்சர்லாந்தில் ஒரு வேதியியலாளர், தான் தயாரித்த பொருளைத் தானே கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கிறார். தலை சுற்றுகிறது, உலகம் வளைகிறது. போர்க்காலம், கார் கிடையாது. வீட்டுக்குச் சைக்கிளில் போகிறார். இதை எல்லோரும் சொல்கிறார்கள். பெரிய சாகசம் மாதிரி. யாரும் அழுத்திச் சொல்லாதது, அவர் தனியாகப் போகவில்லை என்பது. பயந்துபோய், ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த ஒரு இளம்பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டார். அந்தப் பெண் பக்கத்தில் இன்னொரு சைக்கிளில் மிதித்துக்கொண்டே வந்தாள், வீடு வரைக்கும். மருத்துவரை வரவழைத்தாள். பக்கத்து வீட்டு அம்மா பால் கொண்டுவந்து கொடுத்தார். இவர் கண்ணுக்கு அந்த அம்மா சூனியக்காரியாகத் தெரிந்தாராம். ஆனால் பாலைக் குடித்தார்.

சுவரில் அந்தப் பெண் இல்லை. ஒரே ஒரு சைக்கிள்தான் வரைந்திருந்தது. எனக்கு அது தாங்கவில்லை. அவள் என் இனம். ஓட்டுநர் இனம்.

அடுத்தடுத்த தடவைகளில் மேலும் படித்தேன். இந்த நாட்டின் உளவு நிறுவனம் அந்த வேதியியலாளரின் மருந்தைச் சொல்லாமல் கொள்ளாமல் மனிதர்களுக்குக் கொடுத்து வேடிக்கை பார்த்திருக்கிறது. கைதிகளுக்கு, நோயாளிகளுக்கு, மதுவில் கலந்து முன்பின் தெரியாதவர்களுக்கு. மெக்சிகோ மலையில் ஒரு மூதாட்டி, நோயாளியின் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்து பாடி, காளான் கொடுத்து வைத்தியம் பார்த்தார். அதை வெளியூர்க்காரர்கள் பத்திரிகையில் எழுத, கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய் அந்த ஊரையே குலைத்தார்கள். ஊரார் கோபத்தில் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். மருந்து ஒரே குடும்பம்தான். ஒரு இடத்தில் வைத்தியம், ஒரு இடத்தில் வதை. எனக்குத் தெரிந்த வரை வித்தியாசம் இவ்வளவுதான்: ஒன்றில் சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மற்றதில் இரண்டும் இல்லை.

அந்த வாரம்தான் எங்கள் ஆபீசில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். வெள்ளைக்காரர், மலை ஏறுகிறவர், காலணிக்குச் சாக்ஸ் போடாதவர். வேறு நாட்டில் ஏதோ ஒரு கடற்கரை முகாமுக்குப் போய்க் காளான் சாப்பிட்டாராம். தன் தலைமைப் பண்பை அங்கேதான் கண்டுபிடித்தாராம். கண் கலங்கச் சொன்னார். மொத்த அரங்கமும் எழுந்து கைதட்டியது. எங்கள் குரூப்பைச் சேர்ந்த இருவர் முதல் வரிசையில் நின்று தட்டினார்கள். மருத்துவர் சீட்டோடு, ரத்த அழுத்தக் கருவியைக் கையில் கட்டிக்கொண்டு, சட்டப்படி சிகிச்சை எடுக்கிற என் நண்பர் அந்தக் கூட்டத்தைக் கேமராவை அணைத்துவிட்டு வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலண்டரில் 'டென்டிஸ்ட்' என்று போட்டிருந்தது. நோய் இல்லாதவன் சாப்பிட்டால் ஞானம், நோயாளி எடுத்தால் அவமானம். எனக்கு நாற்காலியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. என்ன செய்தேன்? நானும் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவனைவிடப் பலமாக.

பொய்க்கு ஒரு குணம் உண்டு, சோறு போட்டு வளர்க்கச் சொல்லும். அந்த ஞாயிறு, பக்கத்து ஊரான டப்ளினில் ஒருவர் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் கூட்டம். நான் வழக்கம்போல மேடை இல்லாத இடத்தில் மேடை போட்டேன். நண்பரின் பல்லைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவர் வாய்க்குள் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது, சுரங்கம் தோண்டுகிறார்கள் என்றெல்லாம் அளந்துவிட்டேன். நல்ல சிரிப்பு. அப்போது தட்டோடு வந்து நின்றார் டென்டிஸ்ட் ஆன்ட்டி. எனக்கே ஐம்பது வயது, இருந்தாலும் அவர் எல்லோருக்கும் ஆன்ட்டி. டப்ளினில் முப்பது வருடம் பல் பிடுங்கியவர், இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கிளினிக்.

"ஆறு சிட்டிங்கா? ஒரு ரூட் கெனாலுக்கு? எந்தப் பல்லுப்பா?"

"மேல... இந்தப் பக்கம் ஆன்ட்டி. கடைவாய்."

"எந்தப் பக்கம்? நீ ரெண்டு பக்கமும் கையை வெக்கற."

"ரெண்டு பக்கமும்தான் ஆன்ட்டி."

"யாரு அந்த டாக்டர்? இது அநியாயமா இருக்கே. எக்ஸ்ரேய வாங்கி எனக்கு அனுப்பச் சொல்லு. நான் பேசறேன் அந்த ஆளுகிட்ட."

சட்னி வேண்டும் என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நழுவினேன். ஆனால் என் பேச்சுக்கு வேறொரு பலன் கிடைத்தது. மறுநாளிலிருந்து நண்பரின் வாசலில் டப்பாக்கள் வந்து இறங்க ஆரம்பித்தன. குழைய வடித்த தயிர் சாதம், ரசம் சாதம், கஞ்சி, பால் பாயசம், கிராம்பு எண்ணெய் இரண்டு பாட்டில். கதவைத் தட்டி, "பல்லு எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போனார்கள். எட்டு மாதமாக யாரும் எட்டிப்பார்க்காத வீடு. ஒரு பொய்ப் பல்லுக்கு ஊரே கஞ்சி காய்ச்சியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நன்றிக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. மனது என்று சொல்லியிருந்தால் இதில் எத்தனை டப்பா வந்திருக்கும்?

இருந்தாலும் டப்பாக்கள் வேலை செய்தன, அல்லது மருந்து. நான்காவது தடவை முடிந்து அவரை ஏற்றிக்கொண்டு வருகிறேன். கண்ணாடியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தவர் திடீரென்று பேசினார்.

"லேன் மாத்தறப்ப இண்டிகேட்டர் போடுங்ணா."

"போட்டேன்வே."

"வைப்பரைப் போட்டீங்க."

மழையே இல்லாமல் கண்ணாடியில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. வைப்பரை அணைத்தேன். பார்சிப்பனி காலத்தில் பேசிய குரல் அது. வீட்டுக்கு வந்ததும் தயிர் சாத டப்பாவைத் திறந்து, பாதி சாப்பிட்டுவிட்டு, "உப்பு பத்தலைங்ணா" என்றார். அவர் மனைவிக்குப் போன் செய்து அந்தச் செய்தியைச் சொன்னேன். உப்பு பற்றவில்லை என்பதற்கு ஒரு பெண் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

இரண்டே தடவை பாக்கி. அப்போதுதான் டெக்சாஸிலிருந்து போன் வந்தது. அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. மச்சான் மருத்துவர். அதுவும் மயக்க மருந்து மருத்துவர். ஆபரேஷன் அறையில் இதே கெட்டமைனைத் தன் கையால் நோயாளிகளுக்கு ஏற்றுகிறவர். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்கட்டும் என்று நண்பர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, இதெல்லாம் நமக்கு எதுக்கு? க்ரீன் கார்டு மெடிக்கல் வருது. பைல்ல ஏறிடும். நாளைக்கு நம்ம புள்ளைக்கு வரன் பாக்கறப்ப எவனாச்சும் தோண்டுவான். யோகா பண்ணுங்க, காலைல நடங்க. மனச ஸ்ட்ராங்கா வெச்சுக்கங்க."

மகளுக்கு அப்போது வயது ஆறு.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "டாக்டர், அந்த மருந்து ஆபத்தா?"

"யாருங்க அது? ஆபத்தெல்லாம் இல்லீங்க. முறையா குடுத்தா சேப்தான். நான் டெய்லி யூஸ் பண்றேன்."

"அப்போ எலும்பு முறிஞ்சவனுக்குக் குடுக்கலாம், இவருக்குக் குடுக்கக் கூடாதா?"

"அது வேற கேஸுங்க. இது... புரிஞ்சுக்கங்க. வெளிய சொல்ற மாதிரி இல்லைல்ல."

அவருக்கு மருந்தைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. எனக்கு எரிச்சல் அதில்தான். தெரியாதவன் பேசினால் சொல்லிக்கொடுக்கலாம். போனை வைத்ததும் நண்பர் அதை மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். பிறகு, "விடுங்ணா, நாலு ஆச்சுல்ல. போதும்" என்றார். மறுபடியும் அந்தப் பழைய, தூரத்துக் குரல்.

இந்த இடத்தில் என் குடல் கதைக்குள் வருகிறது. ஐம்பது வயதாகிவிட்டால் இங்கே பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள், கொலோனாஸ்கோபி. அதற்கும் மயக்கம், அதற்கும் ஆள் வந்து கூட்டிப்போக வேண்டும். ஐந்து மாதம் முன்பே வாங்கிய தேதி. நாளைக் குறித்துவைப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்றால், நண்பரின் ஐந்தாவது சிகிச்சையும் என் குடலும் ஒரே வியாழன், ஒரே காலை. என் மனைவிக்கு அன்றைக்கு ஆபீசிலிருந்து நகர முடியாது. அதற்கு முந்தைய வாரமே நான் குரூப்பில் கூசாமல் எழுதியிருந்தேன்: 'வியாழன் என் பின்புறத்தைப் படம் எடுக்கிறார்கள். திரும்பிக் கூட்டிவர ஒரு ஆள் தேவை.' பத்து நிமிடத்தில் ஒன்பது பேர் நான் வருகிறேன் என்றார்கள். படம் நன்றாக வந்தால் பொங்கல் விழாவில் போட்டுக் காட்டச் சொன்னார் ஒருவர். பெருங்குடலுக்கு ஒன்பது பேர்.

புதன்கிழமை மதியம் மனைவியிடம் சொன்னேன், என்னுடையதை ரத்து செய்துவிட்டு நண்பரோடு போகிறேன் என்று.

"ஏங்க, அவர்தான் வர மாட்டேங்கறாரே. முதல்ல அவர்கிட்ட பேசுங்க. அப்புறம், ஒன்பது பேர் இருக்காங்கல்ல? ஒருத்தர அவருக்குக் கேட்டா என்ன?"

"என்னன்னு சொல்லிக் கேக்க? பல்லுன்னா டென்டிஸ்ட் ஆன்ட்டி கதவை உடைச்சிட்டு வந்திரும்."

"உண்மையச் சொல்லிக் கேளுங்க."

"அது என் உண்மை இல்லையே."

"அப்ப அவரையே கேக்கச் சொல்லுங்க. உலகத்துல இருக்கற எல்லார் பத்தியும் கோபப்படறீங்க, நீங்கதான அந்தப் பல்லக் கண்டுபிடிச்சது?"

சாவியை எடுத்தேன். நேரே நண்பர் வீட்டுக்குப் போனேன். மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். அந்தப் பல் யோசனை என் யோசனை, என் கோழைத்தனம், நான் சிரிப்புக் காட்டியே தப்பிக்கிறவன் என்றேன். சைக்கிள் கதையைச் சொன்னேன். "அந்த மனுஷன் எனக்கு ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குத் தனியாப் போகலைவே. பயமா இருக்கு, கூட வான்னு கேட்டான். அவன் பண்ணதுலயே பெரிய காரியம் அதுதான்."

அவர் கடைசி வரை கேட்டார். "அந்தப் பொண்ணுக்காச்சும் சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சிருந்துச்சுல்லங்ணா. எனக்கு நீங்க கெடச்சீங்க" என்றார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். போனை எடுத்தார். மெதுவாகத் தட்டினார். எனக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டார். என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

'நாளை காலை எனக்கும் ஒரு ஆள் தேவை. பல் இல்லை, அது பொய், மன்னிக்கவும். எனக்கு இரண்டு வருடமாக மனச்சோர்வு. கெட்டமைன் சிகிச்சை எடுக்கிறேன். முடிந்ததும் யாராவது கையெழுத்துப் போட்டுக் கூட்டிவர வேண்டும். இல்லையென்றால் ஊசி போட மாட்டார்கள்.'

நூற்று நாற்பது பேர் இருக்கிற குரூப். பார்த்தார்கள். பார்த்துவிட்டார்கள் என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது, முப்பது பேர், ஐம்பது பேர், எழுபது பேர். எவரும் எதுவும் எழுதவில்லை. பத்து நிமிடம். என் குடலுக்கு ஒன்பது பேர் வந்த அதே பத்து நிமிடம். பிறகு ஒருவர் எழுதினார். கொலு பொம்மை விற்பனைக்கு. அந்தப் பொம்மைகளை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. பொம்மைப் படத்துக்கு நான்கு பேர் கைகூப்பினார்கள். நண்பர் போனைக் கவிழ்த்து வைத்தார். "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார்.

இருபத்தைந்தாவது நிமிடம் டென்டிஸ்ட் ஆன்ட்டி.

'எத்தனை மணிக்கு?'

அவ்வளவுதான் எழுதியிருந்தார். நண்பர் அதை இரண்டு முறை படித்தார். ஒன்பதரை என்று பதில் அனுப்பினார்.

மறுநாள் ஆன்ட்டி அவரைக் கூட்டிப்போனார். என்னைக் கூட்டிவர வந்தவர், முதல் வரிசையில் கைதட்டிய இருவரில் ஒருவர். நல்ல மனிதர், என் ஜோக்குக்குச் சிரிப்பவர். நான் இன்னும் மயக்கம் தெளியாமல் முன்சீட்டில் சாய்ந்திருந்தேன். ஃப்ரீவேயில் ஏறியதும், "அண்ணா, என்ன அவருக்கு, லூசாயிடுச்சா? இப்படிப் பப்ளிக்கா போடறாரு?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. மீதியை அவரே என் மனைவியிடம் பயத்தோடு சொல்லிவிட்டுப் போனார். சான் ரமோன் வரைக்கும் நிறுத்தாமல் கத்தினேனாம். சுவிட்சர்லாந்து, சைக்கிள், பால் கொடுத்த அம்மா, பூட்டிய கதவு, உளவு நிறுவனம், எரிந்த வீடு, சாக்ஸ் போடாத அதிகாரி, எல்லாம் வந்ததாம். "அவன் காளான் தின்னா எந்திரிச்சு நின்னு தட்டுற, இவன் மருந்து எடுத்தா லூசா? உன் கைய வெட்டணும்ல!" என்றேனாம். அதோடு என் கையையும் வெட்டச் சொன்னேனாம். நடுவில் இரண்டு முறை அழுதேனாம். குடல் சுத்தமாக இருந்ததால் வயிற்றில் எதுவும் இல்லை, வாயில் எல்லாம் இருந்தது. மருந்துதான் என்னைப் பேச வைத்தது என்று அவர் நம்பினார். என் மனைவி நம்பவில்லை.

ஆன்ட்டி பிறகு என்னிடம் சொன்னது இவ்வளவே. "வழியெல்லாம் அவர் பேசல, நானும் பேசல. இறங்கறப்ப வாயத் திறக்கச் சொல்லிப் பாத்தேன். அருமையான பல்லு. பொய் சொல்றவனா இருந்தா கொஞ்சம் அனாடமி படிச்சிட்டு வா."

ஆறாவது தடவைக்கு நானே ஓட்டினேன். இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் போடவில்லை. அவர் உள்ளே போனதும் காத்திருப்பு அறையில் அந்தச் செடித் தொட்டியைத் தள்ளிவிட்டு, வெற்றுச் சுவருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வரவேற்பறைப் பெண் பார்த்தாள், மறுபடி கணினிக்குத் திரும்பினாள். அவர் குணமாகிவிட்டாரா என்றால், இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். மனைவியும் மகளும் டிசம்பர் விடுமுறைக்கு வருகிறார்கள், அதற்குள் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவரே சொன்னார். இனி நடக்கப்போகிற ஒன்றைப் பற்றி அவர் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

போன் அதிர்ந்தது. என்னைக் குடலோடு கூட்டிவந்தவர். குரூப்பில் இல்லை, தனியாக எனக்கு மட்டும்.

'அண்ணா, என் வைஃபுக்கு ரொம்ப நாளா சரியில்ல. அந்த டென்டிஸ்ட் நம்பர் கிடைக்குமா?'

டென்டிஸ்ட். இன்னும் டென்டிஸ்ட். கோபத்தில் பத்து வரி அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். வாழ்க்கையில் நான் எழுதிய ஜோக் இல்லாத ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

'பல் டாக்டர் இல்லை. மனநல மருத்துவர். நம்பர் அனுப்புகிறேன். ஓட்ட ஆள் வேண்டுமென்றால் குரூப்பிலேயே கேளுங்கள். முதல் பதில் என்னுடையதாக இருக்கும்.'

பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. நான் சுவரில் தலையைச் சாய்த்துக் காத்திருந்தேன். உள்ளே கதவு திறந்தது. நண்பர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். என்னையும், நகர்ந்து கிடக்கிற செடியையும் பார்த்தார்.

"பசிக்குதுங்ணா," என்றார். "பல்லால கடிக்கிற மாதிரி எதாச்சும் வாங்கிக் குடுங்க."